பாகூருக்குக் கொண்டுபோன குமிழ்

பாரிஸ் விமான நிலையத்தில் என் கைப்பையைத் திறந்து பார்த்த பாதுகாப்பு அதிகாரி, சாக்லேட் டப்பாக்களையும் குழந்தைக்கு வாங்கிய கவுனையும் ஒதுக்கிவிட்டு, அடியில் கிடந்த சின்ன இரும்புத் துண்டை எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்துத் திருப்பினார். கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் சாய்வாகத் தேய்ந்து பளபளவென்று இருந்தது. என்ன இது என்று கேட்கப்போகிறார் என நினைத்துப் பிரெஞ்சில் பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை, சிரித்தார். "என்னிடமும் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. நன்றாகச் சாய்க்கிறீர்கள், ஐயா" என்றார்.

"ஏதோ, முடிந்த அளவுக்கு" என்றேன்.

அந்தப் பயணத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுகூட, அவர் சொன்னதை நினைத்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது.

வண்டி ஓட்டாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நீண்ட தூரம் போவதற்கென்றே செய்த கனமான டூரிங் மோட்டார் சைக்கிள்கள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் உட்காருபவருக்குச் சோபா மாதிரி சீட், காலை நீட்டி வைத்துக்கொள்ள அகலமான ஃபுட்போர்டு. நேர்ச்சாலையில் சொகுசு. வளைவில் அந்த ஃபுட்போர்டே வில்லங்கம். பந்தய வண்டிபோல இதைப் படுக்க வைக்க முடியாது, ஓர் அளவுக்கு மேல் சாய்த்தால் ஃபுட்போர்டு தரையைத் தொட்டுவிடும். அதனால் அதன் அடியில் ஓர் இரும்புக் குமிழைத் திருகி வைத்திருப்பார்கள். முதலில் அது உரசிச் சத்தம் போடும். போதும், இனிமேல் சாய்க்காதே என்று வண்டி சொல்கிறது என்று அர்த்தம். மீறிச் சாய்த்தால் ஃபுட்போர்டு கொஞ்சம் மேலே மடங்கிக் கொடுக்கும். அதற்கும் மேலே போனால் மடங்காத இரும்பு தரையில் ஊன்றி டயரைத் தூக்கிவிடும். பிறகு வண்டி ஒரு பக்கம் போகும், நாம் ஒரு பக்கம் போவோம்.

ஆனால் எச்சரிக்கைக்காக வைத்த அந்தக் குமிழை மோட்டார் சைக்கிள்காரர்கள் பதக்கமாக ஆக்கிவிட்டார்கள். குமிழ் தேயாமல் வருகிறவனை ஒரு மாதிரி பார்ப்பார்கள். டயரின் ஓரத்தில் தரையே படாமல் புதிதாக இருக்கும் பகுதிக்குப் பிரான்சில் 'பயப் பட்டை' என்று பெயர். என் டயரில் அது இரண்டு விரல் அகலம் இருக்கிறது. என் வீட்டுக்கும் நான் வேலை செய்யும் கிடங்குக்கும் நடுவில் நெடுஞ்சாலை நூல் பிடித்தாற்போல் போகிறது. வளைவு என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு ரவுண்டானாக்கள் இருக்கின்றன. அவற்றில் என்னைச் சைக்கிள்காரர்கள் முந்துவார்கள்.

பிறகு குமிழ் எப்படித் தேய்ந்தது? எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் வண்டி நிறுத்துமிடம். அங்கிருந்து மேலே வரும் சரிவில், மழை நாளில், இரும்புக் கதவு திறக்காமல் மக்கர் செய்ததால் பாதியில் நிறுத்திக் காலை ஊன்றினேன். கால் வழுக்கியது. வண்டி அப்படியே இடப்பக்கம் சாய்ந்து படுத்துவிட்டது. என் ஒருவனால் தூக்க முடியவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரின் வேனில் கயிறு கட்டி, படுத்த வாக்கிலேயே சமதளம் வரை இழுத்தோம். சிமெண்ட் தரையில் குமிழ் அப்போது தேய்ந்ததுதான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் தங்கை சுமதியின் கணவர் குமரேசன், பாகூர்க் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருப்பவர், பழைய டூரிங் வண்டி ஒன்றை வாங்கிய மகிழ்ச்சியில் வீடியோ அழைப்பில் கேட்டார்: "மச்சான், உன் வண்டியில குமிழ் தேஞ்சிருக்கா?" தேய்ந்திருக்கிறது என்றேன். உண்மைதானே! "பாப்பா காதுகுத்துக்கு வரும்போது அதக் கழட்டி எடுத்துனு வா மச்சான், கடையில வச்சிக்கிறேன்" என்றார். தாய்மாமன் சீராகக் குழந்தைக்குத் தங்கத் தோடு, தகப்பனுக்குத் தேய்ந்த இரும்பு. இப்படித்தான் புறப்பட்டேன்.

புதுச்சேரி பஸ் நிலையத்துக்கே வண்டியில் வந்து அழைத்துக்கொள்வதாகக் குமரேசன் சொன்னார். பெட்டி இருக்கிறது, பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன் என்று தட்டிக்கழித்தேன். பெட்டி ஒரு சாக்கு. அந்த வண்டியின் பின்சீட்டில் உட்காரத்தான் பயம். பஸ் கடலூர் சாலையில் நன்றாகத்தான் வந்தது. கிருமாம்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெரிதாக ஒரு மூச்சு விட்டு நின்றுவிட்டது. பாரிஸில் ரயில் இப்படி நின்றால் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு வரும், யாரும் யாருடனும் பேச மாட்டார்கள். இங்கே அறிவிப்பு எதுவும் வரவில்லை, ஆனால் எல்லோரும் பேசினார்கள். என் பக்கத்தில் கத்தரி நாற்று மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மா, டிரைவரைப் பார்த்து, "இன்னாபா, உன் வண்டி என் நாத்துக்கு முன்னாடியே வாடிப்பூடுச்சு?" என்றார். டிரைவரும் சிரித்தார்.

கீழே இறங்கி நின்றபோது ஐந்து கனமான வண்டிகள் வரிசையாக வந்தன. மாசி மாத வெயிலில் கறுப்பு ஜாக்கெட் போட்ட ஐந்து பேர். முன்னால் குமரேசன், வயிற்றுக்கு மேல் ஜிப் ஏறாமல். பஸ் கெட்டுப்போன செய்தி நான் சொல்வதற்கு முன்பே அவருக்குப் போயிருந்தது. "மச்சான்!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். "எங்க அது?"

சாலையோரக் கடையில் எல்லோருக்கும் பரோட்டாவும் சால்னாவும் வந்தன. பக்கத்தில் குமிழ் கை மாறிக்கொண்டிருந்தது. கரிக்கலாம்பாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் சேகர் என்பவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பயங்கரமா சாச்சிருக்காரு அண்ணன்" என்றார். நான் பரோட்டாவைப் பிய்த்தேன். விஷயம் என்னவென்றால், காதுகுத்து முடிந்த மறுநாள் இந்த ஐந்து பேரும் மனைவிமாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏற்காடு போகிறார்கள். ஐந்து பேருமே கொண்டைஊசி வளைவுகளில் இந்த வண்டியை ஓட்டியதில்லை. சொந்த ஊர்ச் சாலைகளில் திரும்பும்போது ஒன்றிரண்டு தடவை குமிழ் தட்டியிருக்கிறது, அதற்கே வேர்த்துப்போயிருக்கிறார்கள்.

"அண்ணே," என்று சேகர் கேட்டார், "குமிழ் தட்டுச்சுன்னா இன்னா பண்ணணும்?"

ஐந்து முகங்களும் என்னைப் பார்த்தன. எனக்குத் தெரியாது என்று சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்கு அமையவே போவதில்லை. சால்னாவைத் தொட்டு ஒரு வாய் போட்டுக்கொண்டு, "ஒண்ணும் பண்ண வேணாம். அது சும்மா ஆரம்பம்தான். அதுக்கு மேல எவ்வளவோ இருக்கு" என்றேன்.

"கேட்டுக்கினீங்களா?" என்றார் குமரேசன், மற்ற நால்வரையும் பெருமையாகப் பார்த்து.

பெட்டியைச் சாக்குச் சொல்லி நான் ஆட்டோவில் பின்னால் வந்தேன். பாகூருக்கு வந்ததும் குமரேசன் நேராகக் கடைக்குத்தான் கூட்டிப்போனார். யூரியா மூட்டைகளுக்கு மேலே, சுவரில் சின்ன பூஜைப் பலகை. பிள்ளையார், லட்சுமி, ஒரு ஊதுபத்தி ஸ்டாண்டு. குமரேசன் செருப்பைக் கழற்றிவிட்டு, குமிழைத் தண்ணீரில் கழுவி, சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பூச்சிமருந்து வாங்க வந்த ஒருவர் என்ன சாமி என்று கேட்டார். "பிரான்சு மலையில எங்க மச்சான் தேச்சது" என்றார் குமரேசன். வந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் ரசீது போடும் மேசைக்குப் பின்னால் போய்த் தண்ணீர் குடிப்பதுபோல் நின்றேன். அவ்வளவு அவமானமாக இருந்தது.

மறுநாள் காலை இட்லியும் வடகறியும். சுமதி எதிரில் உட்கார்ந்து, நான் வேண்டாம் வேண்டாம் என்றபோதெல்லாம் வைத்துக்கொண்டே இருந்தாள். பிரான்சில் காலையில் ஒரு துண்டு ரொட்டியைக் காப்பியில் நனைத்து, நின்றபடியே சாப்பிட்டு ஓடுகிறவன் நான். அளவில்லாமல் தின்றேன். "சாப்பிட்டு ரெடியாவு மச்சான், ஏரிக்கரைக்குப் போறோம். நான் சாய்க்கிறது சரியா இருக்கான்னு பின்னாடி உட்காந்து சொல்லு" என்றார் குமரேசன். இந்த முறை எனக்குச் சாக்கு கிடைக்கவில்லை.

பாகூர் ஏரி மாசியிலும் தண்ணீரோடு கிடந்தது. கரையை ஒட்டி ஓடும் சாலையில் அறுத்த நெல்லைக் காயப்போட்டு, ஓரமாகக் கல் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் வைக்கோல் சிதறிக் கிடந்தது. பிரான்சில் சாலையில் ஓர் இலை கிடந்தால்கூட நாங்கள் மோட்டார் சைக்கிள்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கை போடுவோம். குமரேசன் நெல்லையும் வைக்கோலையும் விலக்கி, ஆடு மாடுகளுக்கு ஹாரன் அடித்து, மண்வெட்டியோடு போனவரிடம் நலம் விசாரித்துக்கொண்டே வண்டியை ஓட்டினார். ஊரில் அந்த வண்டிக்கு எருமை என்று பெயர். "எருமை வருது, ஒத்திக்க" என்று யாரோ குழந்தையை இழுத்தார்கள்.

கரையோடு சாலை இடப்பக்கம் ஒடிந்து திரும்பும் இடத்தில் வைக்கோல் இல்லை. குமரேசன் சாய்த்தார். நாங்கள் இரண்டு பேருமே ஒல்லியானவர்கள் இல்லை. ஆள் ஏறி ஸ்பிரிங் அமுங்கினால் ஃபுட்போர்டு தரைக்குக் கிட்டத்தில் வந்துவிடும், சாய்க்க இருக்கும் இடமும் அந்த அளவுக்குக் குறையும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் படித்திருக்கிறேன். அது ஞாபகத்துக்கு வந்த அதே நேரத்தில் என் காலுக்குக் கீழே தகர டப்பாவைத் தார்ச்சாலையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. கர்ர்ரென்று, பல்லுக்குள் இறங்குகிற சத்தம்.

நான் கத்தினேன். "அம்மா" என்றுதான் கத்தியிருக்கிறேன். இரண்டு கையாலும் குமரேசனின் வயிற்றைப் பிடித்து இறுக்கினேன். அவர் வண்டியை நிமிர்த்தி ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து சிரித்தார்கள்.

"இன்னா மச்சான், நீயே கத்துற?"

இரண்டாவது நல்ல இடம். ஏரிக்கரையில் நாங்கள் இருவர் மட்டும்தான். சொல்லியிருக்கலாம். "பின்னாடி உட்காந்தா வேற மாதிரி கேக்குது, மாப்ள. காதுக்குப் பக்கத்துல கேக்குது" என்றேன்.

குமரேசன் அதை நம்பினார். நம்பியதோடு விடாமல் யோசிக்கவும் ஆரம்பித்தார். வீடு வந்தோம். வண்டியை நிறுத்தியதும் சொன்னார்: "நீயே இப்படிக் கத்துறன்னா சுமதி இன்னா கத்து கத்துவா? மலையில பாதி வளைவுல கத்திக் கையப் புடிச்சு இழுத்தான்னா ரெண்டு பேரும் பள்ளத்துல கெடப்போம். இதுக்கு ஒரு வழி பண்ணணும்."

என்ன வழி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மத்தியானம் விரால் மீன் குழம்பு. சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன்.

அந்த வழி மறுநாள் கரிக்கலாம்பாக்கத்தில் தெரிந்தது. ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் நெல் விளைந்த சாலையில் இப்போது மனைப்பிரிவுக் கொடிகள் ஆடிக்கொண்டிருந்தன. அதன் நடுவில் சேகரின் லேத் பட்டறை. ஐந்து வண்டிகளும் அங்கே நின்றன. சேகர் முட்டி போட்டு ஒவ்வொன்றின் அடியிலும் கையை விட்டு, குமிழ்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, எதுக்குக் கழட்டுறீங்க?" என்றேன்.

"நீதான மச்சான் சொன்ன, அது சும்மா ஆரம்பம்னு? அதுக்கு மேல எவ்வளவோ இருக்குன்னியே. அப்புறம் எதுக்கு அது கத்திக்கினு? பொம்பளைங்க பயந்துக்கிறதுக்கா? எடுத்துட்டா சத்தமும் இல்ல, சாய்க்க இன்னும் கொஞ்சம் எடமும் கெடைக்குது."

குமிழைக் கழற்றினால் சாய்க்கும் எல்லை மாறாது. எல்லை வந்துவிட்டது என்று சொல்ல ஆள் இல்லாமல் போகும், அவ்வளவுதான். பின்னால் மனைவி, பெட்டியில் துணிமணி, அமுங்கிய ஸ்பிரிங், இறக்கத்தில் ஒரு கொண்டைஊசி வளைவு. அடுத்துத் தரையில் படுவது மடங்காத இரும்பாகத்தான் இருக்கும். அந்தப் பின்சீட்டில் இருக்கப்போவது என் தங்கை.

சேகர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவருக்குள்ளும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "அண்ணே, நீங்க சொல்லுங்க. கம்பெனிக்காரன் வச்சத எடுக்கலாமா?" என்றார்.

என்னைத் தவிர வேறு யாரையும் அவர் கேட்கவில்லை. நான் மனைப்பிரிவுக் கொடியைப் பார்த்தேன். "அது... அவங்கவங்க இஷ்டம்தான்" என்றேன்.

இதைவிடக் கேவலமான ஒரு பதிலை நான் என் வாழ்க்கையில் சொன்னதில்லை. பொய்கூட இல்லை அது. பொய் சொல்லவும் தைரியம் இல்லாதவனின் பதில். சேகர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி முட்டி போட்டார். திரும்பி வரும்போது ஒரு கடையில் எல்லோரும் கரும்புச்சாறு குடித்தோம். எனக்கு அது இனிக்கவே இல்லை.

காதுகுத்து, வில்லியனூர்ப் பக்கம் ஆற்றோரம் இருக்கும் அவர்கள் குலதெய்வக் கோயிலில். காலையிலேயே ஆடு வெட்டி, வேப்பமரத்துக்குப் பின்னால் அண்டாக்கள் ஏறிவிட்டன. மரத்தடியில் ஐந்து வண்டிகளும் வரிசையாக நின்றன. பிரான்சில் ஒரு விழாவுக்கு இருபது பேரைக் கூப்பிட்டால் பத்தொன்பது பேர் வருவார்கள், வராதவர் கடிதம் எழுதுவார். இங்கே கூப்பிடாதவர்களும் வந்து, ஏன் கூப்பிடவில்லை என்று சண்டை போட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பாப்பா யாழினிக்கு ஐந்து வயது. மொட்டை அடித்து, சந்தனம் பூசி, நான் கொண்டுவந்த கவுனைப் போட்டு, என் மடியில் உட்கார வைத்தார்கள். பத்தர் கம்பியோடு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, வலிக்குமா?"

"வலிக்கவே வலிக்காதுடா கண்ணு. மாமா மடியில உட்காந்தா வலிக்காது."

என் வாயில் அது அவ்வளவு சுலபமாக வந்தது. பத்தர் கை வைத்தார். யாழினி வீறிட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். அடுத்த காதுக்கு நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்து தோடு ஏறியதும் என் மார்பில் குத்தினாள். "வலிக்காதுன்னு சொன்னியே! பொய் சொல்ற மாமா!" கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது சுமதி வந்தாள். கையில் புது ஹெல்மெட், சிவப்பு நிறம். "அண்ணா, இத மாட்டி விட்டுப் பாரு, சரியா இருக்கா? எனக்கு இந்த வாரு போடத் தெரியல." பூவோடு தலையில் மாட்டிக்கொண்டு, சின்ன வயதில் ரிப்பன் கட்டச் சொல்லி நிற்பாளே, அப்படி முகத்தைத் தூக்கி நின்றாள். நான் அவள் தாடைக்குக் கீழே வாரைக் கோர்த்தேன்.

"எனக்கு அந்த வண்டியில ஏறவே பயம்ணா. போமாட்டேன்னுதான் சொல்லினு இருந்தேன். ஒண்ணும் ஆவாதுன்னு நீயே சொன்னதா அவரு சொன்னதாலதான் ஒத்துக்கினேன்" என்றாள்.

என் விரல் வாரிலேயே நின்றுவிட்டது. என்னால் அதை இறுக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. அவள் கழுத்து நரம்பு துடிப்பது விரலில் தெரிந்தது. ஒரு நல்ல பெயருக்காக, அதுவும் நான் சம்பாதிக்காத ஒரு பெயருக்காக, இந்தக் கழுத்தைப் பணயம் வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஹெல்மெட்டைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, ஐந்து பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். பந்தி பரிமாறுகிறவர்கள் என்னைச் சாப்பிட உட்காரச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே பேசினேன்.

"மாப்ள, அந்தக் குமிழுங்கள திரும்ப மாட்டணும். எனக்கு மலையும் தெரியாது, சாய்க்கவும் தெரியாது. நான் சாச்சதே இல்ல. என் வண்டி பார்க்கிங்ல ஏறும்போது கவுந்துபோச்சு. தூக்க முடியாம கயிறு கட்டித் தரையோட இழுத்தோம். அதுல தேஞ்ச குமிழ் அது."

குழம்பு வாளியோடு வந்தவர்கூட நின்றுவிட்டார். குமரேசன் இலையில் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது, ஏரிக்கரையில் திரும்பிப் பார்த்தாரே, அதே யோசனை.

"அன்னிக்குக் கத்தினியே மச்சான்," என்றார் மெதுவாக. "அந்தச் சத்தத்த நீ அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல. இல்ல?"

"கேட்டதே இல்ல."

"நான் அதுக்குக் குங்குமம் வச்சேனே" என்றார்.

யாராவது திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். யாரும் திட்டவில்லை. ஒருவர் இருமினார். சுமதி ஹெல்மெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றாள். சேகர்தான் முதலில் எழுந்தார். கையைக் கழுவிவிட்டு, தன் வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரையும் ஸ்பானரையும் எடுத்துவந்தார். குமிழ்கள் எல்லாம் அந்தக் கவரில்தான் இருந்தன. விருந்துக்கு வந்தவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டே வேடிக்கை பார்க்க, வேப்பமரத்தடியில் ஒவ்வொரு வண்டியாக மாட்டினார். நான் பக்கத்தில் குந்தி, அவர் கேட்கக் கேட்க ஒவ்வொரு குமிழாக எடுத்துக் கொடுத்தேன். அந்த வேலைக்காவது லாயக்காக இருந்தேன்.

எனக்குத் தெரிந்ததை, அதாவது புத்தகத்தில் படித்ததை, படித்தது என்றே சொல்லி அவரிடம் சொன்னேன். ஆள் ஏறினால் பின் ஸ்பிரிங்கை இறுக்கிக்கொள்ள வேண்டும். குமிழ் தட்டினால் அதுதான் எல்லை, வேகத்தைக் குறைத்துத்தான் வளைவுக்குள்ளேயே போக வேண்டும். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றார் சேகர், தலையைத் தூக்காமலே. நான் அடுத்த குமிழை எடுத்து நீட்டினேன்.

அன்று சாயங்காலமும் வீட்டில் இட்லிதான். இட்லி வைத்தபோது சுமதி, போதும் என்றதும் நிறுத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது.

விடிந்ததும் ஐந்து வண்டிகளும் வாசலுக்கு வந்துவிட்டன. நான் பல் தேய்த்துவிட்டு அறைக்குத் திரும்பினால், என் பெட்டியின் மேல் அந்தக் குமிழ் இருந்தது. சந்தனமும் குங்குமமும் இல்லாமல் சுத்தமாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. குமரேசன் எனக்கு முன்னால் எழுந்து கடை வரைக்கும் போய் வந்திருக்கிறார். வெளியே வந்தேன். அவர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஸ்பிரிங் இறுக்கியாச்சா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவராகவே, "இறுக்கிட்டேன்" என்றார். சுமதி ஹெல்மெட் வாரைத் தானே போட்டுக்கொண்டாள். பழகியிருக்கிறாள்.

"பாப்பாவப் பாத்துக்க மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

யாழினியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போனேன். அங்கிருந்து பார்த்தால் ஏரிக்கரை தெரியும். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறின. குமரேசன் வண்டி முன்னால், சுமதியின் சிவப்பு ஹெல்மெட் பின்னால். அந்த வளைவில் வண்டி மெதுவாகச் சாய்ந்தது. கர்ரென்று அந்தச் சத்தம் ஒரு நொடி கேட்டது. உடனே வண்டி கொஞ்சம் நிமிர்ந்து, வேகம் குறைந்து, அகலமாக வளைந்து மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. சுமதி கத்தவில்லை.

நான் மூச்சு விட்டேன். யாழினி ஒரு கையால் தன் காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று பந்தியில் நான் பேசியது எல்லாவற்றையும் அவளும் கேட்டிருக்கிறாள் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

"மாமா, உன் வண்டி கவுந்துச்சே, அப்போ நீ அழுதியா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அந்தச் சரிவில், மழையில், வண்டிக்குப் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

"அழுதேன்டா" என்றேன்.

"ரொம்ப நேரமா?"

"ரொம்ப நேரம்."

அவள் தோட்டிலிருந்து கையை எடுத்தாள். "நான் கொஞ்சந்தான் அழுதேன்" என்றாள்.